நெய்தலிலிருந்து குறிஞ்சிக்கு

நிலத்தை அதன் இயல்பு நோக்கிப் பகுத்துக் காணுதல் தமிழர்தம் தொன்மையான மரபு. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. இவற்றை நீங்கள் இலக்கணப் பாடத்தில் நெட்டுருச் செய்திருப்பீர்கள். ஆயின், நூலிற் படித்தல் ஒன்று; கண்ணாரக் காணுதல் மற்றொன்று. காலையில் நெய்தலிற் புறப்பட்டு, மருதத்தையும் முல்லையையும் கடந்து, நண்பகலுக்குள் குறிஞ்சியை அடைதல் கூடுமாயின், அப்பாடம் நம் நெஞ்சை விட்டு என்றும் அகலாதன்றோ?

அத்தகைய வழியொன்று நம் அண்டை மாநிலமாகிய ஆந்திரத்தில் உள்ளது. அது விசாகப்பட்டினம் என்னும் துறைமுக நகரிலிருந்து அரக்குப் பள்ளத்தாக்குக்குச் செல்லும் இருப்புப் பாதை. மாணவர்காள்! அவ்வழியே ஒருநாட் செலவு மேற்கொண்டு, காலையிற் சென்று இரவில் மீள்வோம், வாருங்கள். போகும்போது புகைவண்டி நமக்கு வழிகாட்டும். வரும்போது ஓர் ஆறு நமக்கு வழிகாட்டும். வண்டியும் ஆறும் சேர்ந்து நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. அதனைப் பயணத்தின் முடிவிற் காண்போம்.

துறைமுக நகர்

விசாகப்பட்டினம் வங்கக் கடலின் கரையில் உள்ளது. இருப்புப் பாதை வழியே சென்றால் சென்னையிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவு. தமிழர்க்கு இந்நகர் புதியதன்று. முதற் குலோத்துங்க சோழனின் காலத்தில் இது குலோத்துங்க சோழப் பட்டினம் என்னும் பெயராலும் வழங்கிற்று. பின்னாளில், 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் தனியே அமையும் வரையில், இந்நகரும் இதனை அடுத்த மலைநாடும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தே இருந்தன.

கிழக்குத் தொடர்ச்சி மலை இவ்விடத்தில் கடலை மிக நெருங்கி வருகின்றது. அம்மலையின் ஒரு கூறு கடலுக்குள் நீண்டு நிற்கின்றது. அதன் வடிவு நோக்கி அதனை டால்பின் மூக்கு என்று அழைக்கின்றனர். டால்பின் என்பது நம் கடலோர மக்கள் ஓங்கில் என்று வழங்கும் உயிர். இக்குன்று அலைகளின் வேகத்தைத் தடுத்து நிறுத்த, அதன் மறைவில் கப்பல்கள் அமைதியாகத் தங்குகின்றன. எனவே, இத்துறைமுகத்துக்கு முதற் காவலன் மலையே எனலாம். துறைமுகம் 1933ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. விடுதலைக்குப் பின்னர், 1948ஆம் ஆண்டில், இங்குக் கட்டப்பெற்ற ஜல உஷா என்னும் கப்பலை நேரு பெருமகனார் கடலில் இறக்கிவைத்தார்.

விடியற்காலையில் கடற்கரையில் நின்று நோக்குங்கள். கீழ்த்திசையில் செங்கதிர் எழுகின்றது. கட்டுமரங்களும் விசைப்படகுகளும் கரை சேர்கின்றன. பரதவர் வலையை உதற, மகளிர் மீனைக் கூடையில் வாரி விலை கூறுகின்றனர். உப்புக் காற்று நம் உதட்டிற் படிகின்றது. இஃது உண்மையான நெய்தல். இனி மேற்றிசையைத் திரும்பி நோக்குங்கள். வானத்தின் அடியில் நீலநிறக் கோடு ஒன்று தெரிகின்றது. அதுவே நாம் செல்ல வேண்டிய மலை.

இரும்புக்காக அமைந்த இருப்புப் பாதை

அரக்குக்குச் செல்லும் வண்டி காலையிற் புறப்பட்டு, ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் மலை சேரும். அவ்வண்டியை மக்கள் புகைவண்டி என்கின்றனர், ஆனால் அது மின்னாற்றலால் இயங்குவது, புகை விடுவதன்று. பொருள் மாறினும் பெயர் மாறாது நிற்றல் மொழிக்கு இயல்பு.

நாம் இயற்கை அழகைக் காண்பதற்காகச் செல்கின்றோம். ஆயின், இப்பாதை அழகைக் காட்டுதற்பொருட்டு அமைக்கப்பெற்றதன்று. மேற்கே, இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தில், பைலாடிலா என்னும் மலைத்தொடர் உள்ளது. எருதின் திமில் போன்ற தோற்றமுடைமையால் அது அப்பெயர் பெற்றது. அம்மலை முழுதும் உயர்ந்த இரும்புத்தாது நிறைந்துள்ளது. அத்தாதுவைத் துறைமுகத்துக்குக் கொணர்ந்து ஜப்பான் நாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கருதிய நம் அரசினர், 1960ஆம் ஆண்டளவில் இப்பாதையை அமைக்கத் தொடங்கினர். 1966, 1967ஆம் ஆண்டுகளில் பாதை திறக்கப்பெற்றது. கொத்தவலசை என்னும் ஊரிற் பிரிந்து கிரந்துல் என்னும் ஊரில் முடியும் இதன் நீளம் ஏறத்தாழ 445 கிலோமீட்டர்.

நம் வண்டி மேலே செல்லும்போது, எதிரே நீண்ட சரக்கு வண்டிகள் இறங்கி வருவதைக் காணலாம். அவற்றின் பெட்டிகளில் செங்கருமை நிறமான தாது குவிந்திருக்கும். மலையின் ஒரு பகுதியே பெயர்ந்து கடலை நோக்கிச் செல்கின்றது போலும் என்று நமக்குத் தோன்றும். அத்தோற்றம் பொய்யன்று. நகரத்தின் கப்பல்களுக்குச் சரக்கும், ஆலைகளுக்கு இரும்பும், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைப்பும் மலையிலிருந்தே வருகின்றன. இதனை நினைவிற் கொள்ளுங்கள்.

மருதமும் முல்லையும்

நகரத்தை நீங்கியதும் வண்டி சமவெளியில் ஓடுகின்றது. சிங்காசலக் குன்றினைக் கடந்து கொத்தவலசையை அடைகின்றோம். இவ்வூரின் பெயரைச் சற்றுச் சிந்தியுங்கள். தெலுங்கில் ‘கொத்த’ என்பது ‘புதிய’ எனப் பொருள்படும். ‘வலச’ என்பது குடிபெயர்தலைக் குறிக்கும். பறவைகள் வலசை போகின்றன என்று நாமும் தமிழிற் கூறுகின்றோம் அல்லவா? புதிதாக வந்து குடியேறியவர்களின் ஊர் என்பது இப்பெயரின் பொருள். வடபுலத்து ஊர்ப்பெயரிலும் நம் மொழியின் உறவு ஒளிர்தல் காண மகிழ்ச்சி பிறக்கின்றது.

கொத்தவலசைக்கு அப்பால் இருபுறமும் நெல்வயல்கள். வரப்புகளிற் பனைகள் வரிசையாக நிற்கின்றன. ஏரிகளில் ஆம்பல் பூத்திருக்கின்றது. நாற்று நடும் மகளிர் ஒரு கணம் நிமிர்ந்து வண்டியை நோக்கிவிட்டு மீண்டும் குனிகின்றனர். இது மருதம். சிருங்கவரப்புக்கோட்டையைத் தாண்டியதும் வயல்கள் சுருங்குகின்றன. மாந்தோப்புகளும் முந்திரித் தோப்புகளும் பெருகுகின்றன. செம்மண் மேடுகளில் ஆடுமாடுகள் மேய்கின்றன. இது முல்லை. பொட்டவரை என்னும் நிலையத்தில் மலை நமக்கு நேர் எதிரே நிற்கின்றது. இனி வண்டி எவ்வாறு செல்லுமோ என்று நாம் வியக்கும்போதே ஏற்றம் தொடங்கிவிடுகின்றது.

மலையேற்றம்

மனிதன் மலையில் ஏறுவது போல வண்டி நேராக ஏற இயலாது. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருள்கின்றது. சமவெளியில் இதனால் விளையும் நன்மை பெரிது. சிறிய ஆற்றலால் பெரிய சுமையை இழுக்கலாம். ஆனால் செங்குத்தான வழியில் அச்சக்கரம் பிடிப்பின்றி வழுக்கும். ஆதலால், அறுபது அடி தொலைவு சென்றால் ஓர் அடியே உயரும்படி இப்பாதையை வகுத்துள்ளனர். மெல்ல மெல்ல உயர வேண்டுமாயின் பாதை நீள வேண்டும். நீள வேண்டுமாயின் வளைய வேண்டும். எனவே பாதை மலையைச் சுற்றிப் பாம்பு போல வளைந்து செல்கின்றது. பள்ளம் குறுக்கிட்டால் பாலம். பாறை குறுக்கிட்டால் குகைவழி. பாதை முழுவதிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட குகைவழிகள் உள்ளன.

ஒளியும் இருளும் மாறி மாறி வருகின்றன. குகைவழியுள் வண்டி புகுந்தவுடன் சிறுவர்கள் ஆரவாரிக்கின்றனர். அவ்வொலி பாறையில் மோதி எதிரொலிக்கின்றது. இருள் நீங்கியதும் கண்முன் ஒரு பள்ளத்தாக்கு விரிகின்றது. கீழே நாம் வந்த தண்டவாளம் நூல் போலத் தெரிகின்றது. வளைவுகளில் நம் வண்டியின் முன்பகுதியை நாமே பலகணி வழியாகக் காணலாம். கண்ணாடிக் கூரையும் அகன்ற பலகணிகளும் உடைய பெட்டி ஒன்று 2017ஆம் ஆண்டில் இவ்வண்டியிற் சேர்க்கப்பெற்றது. அது சிறந்த வசதியே. எனினும், சாதாரணப் பெட்டியின் திறந்த பலகணியருகே அமர்ந்து, முகத்தில் மலைக்காற்றுப் படச் செல்வோர் பெறும் இன்பம் அதனினும் குறைந்ததன்று.

இப்பாதையைக் காணுங்கால், இதனை அமைத்த தொழிலாளரை நாம் எண்ணுதல் வேண்டும். அடர்ந்த காடும், மலைக்காய்ச்சலும், சரியும் பாறையும் நிறைந்த இவ்விடத்தில் அவர்கள் பாறையைப் பிளந்தனர், மண்ணைச் சுமந்தனர். அவர்தம் பெயர்கள் எந்தத் தூணிலும் பொறிக்கப்படவில்லை. குகைவழி ஒவ்வொன்றும் அவர்க்கு எடுத்த நினைவுச் சின்னமே.

தையடா, சிமிடிப்பள்ளி, போரா குகலு ஆகிய நிலையங்களைக் கடந்து சிமிலிகுடாவை அடைகின்றோம். கடல் மட்டத்துக்கு மேல் 996 மீட்டர் உயரத்தில் உள்ளது இந்நிலையம். அகலப் பாதை நிலையங்களுள் மிக உயர்ந்தது என்று இது நெடுங்காலம் புகழ்பெற்றிருந்தது. காச்மீரப் பள்ளத்தாக்கில் 2008ஆம் ஆண்டு இருப்புப் பாதை திறக்கப்பெற்ற பின்னர் அச்சிறப்பு அங்குச் சென்றது.

இங்கே ஒரு வினா எழலாம். நாம் கதிரவனை நோக்கி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயர்ந்திருக்கின்றோம். வெப்பம் மிகுதல் வேண்டுமன்றோ? ஆனால் குளிர்கின்றதே, ஏன்? கதிரவனது தொலைவை நோக்க ஒரு கிலோமீட்டர் என்பது ஒரு பொருட்டேயன்று. காற்றுக்கு வெப்பம் பெரும்பாலும் தரையிலிருந்தே கிடைக்கின்றது. மேலே எழும் காற்றின்மீது அழுத்தம் குறைகின்றது, அழுத்தம் குறையக் காற்று விரிகின்றது, விரியவே குளிர்கின்றது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறு செல்சியஸ் பாகை குறையும். கடற்கரையில் வியர்வை துடைத்த நாம் இங்கே போர்வை தேடுதற்கு இதுவே காரணம்.

அரக்குப் பள்ளத்தாக்கு

பள்ளத்தாக்கு எனினும் இது தாழ்ந்த நிலமன்று; கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், உயர்ந்த மலைகளால் சூழப்பெற்ற சமநிலம். மலை என்னும் கைகள் ஏந்திய தட்டு என்று இதனைக் கூறலாம். மழைக்காலம் கழிந்து குளிர்காலம் தொடங்கும்போது, வயல்களெல்லாம் பேயெள் பூத்து மஞ்சள் விரித்தாற்போற் காட்சியளிக்கும். எண்ணெய் வித்துக்காகப் பயிரிடப்படும் இச்செடியின் பூவைக் காணவே மக்கள் திரளாக வருகின்றனர். பூவைக் காண வருவோர் பயிருக்குள் நடந்து அதனை மிதிப்பதும் உண்டு. நமக்கு அது வேடிக்கை. உழவனுக்கு அது விளைச்சல்.

இங்கு வாழும் மலைவாழ் மக்கள் பல குடியினர். அவர்களுள் பகதர், வால்மீகியர், கொந்தர், போர்சர், கோட்டியர் முதலியோர் குறிப்பிடத்தக்கவர். கொந்தர் பேசும் குவி மொழி, தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எழுத்து வழக்கிற் சிறவாத அம்மொழி, நம் மொழிக்கு உடன்பிறப்பாவது எண்ணத்தக்கது. மலைமக்களை நாகரிகம் அறியாதவர் என்று எண்ணுவோர் இதனை உணர்தல் நன்று.

திம்சா என்பது இவர்தம் கூத்து. மகளிர் ஒருவர் முதுகின்பின் மற்றொருவர் கைகோத்துச் சங்கிலித் தொடராக நிற்பர். பறையும் குழலும் ஒலிக்க, அடி பிறழாமல் முன்னும் பின்னும் அசைந்து வட்டமாக ஆடுவர். ஒருவர் தனித்துச் சிறக்கும் ஆட்டமன்று இது; எல்லாரும் ஒருங்கிணைந்தால் மட்டுமே சிறக்கும் ஆட்டம். இவர்களது வாரச்சந்தையில் புளி, தேன், சீயக்காய், இஞ்சி, மஞ்சள் ஆகியவை விற்பனைக்கு வரும். இடைத்தரகர் இவர்களை ஏய்த்தலைத் தடுக்கும்பொருட்டு, 1956ஆம் ஆண்டில் மலைவாழ் மக்கள் கூட்டுறவுக் கழகம் ஒன்று நிறுவப்பெற்றது.

முன்னாளில் இம்மக்கள் காட்டின் ஒரு பகுதியை எரித்துச் சில ஆண்டுகள் பயிர் செய்து, பின்னர் அதனைக் காட்டுக்கே விட்டு வேறிடம் செல்வர். இதனைப் போடு வேளாண்மை என்பர். ஆங்கில ஆட்சியினர் 1882ஆம் ஆண்டில் வகுத்த சென்னை வனச் சட்டம் இவ்வுரிமையைப் பறித்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த காட்டில் விறகு எடுத்தலும் குற்றமாயிற்று. அக்கொடுமையை எதிர்த்து 1922ஆம் ஆண்டில் அல்லூரி சீதாராம ராசு என்னும் வீரர் மலைமக்களைத் திரட்டிப் போரிட்டார். 1924ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அரக்கை உள்ளடக்கிய மலை மாவட்டம் 2022ஆம் ஆண்டு முதல் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இந்நாளில் மலைச்சரிவுகளில் காப்பி விளைகின்றது. காப்பிச் செடி நேர்வெயிலைத் தாங்காது. ஆதலால் சில்வர் ஓக் என்னும் உயர்ந்த மரங்களின் நிழலில் அதனை நடுகின்றனர். அம்மரத்தின்மேல் மிளகுக் கொடியை ஏற்றுகின்றனர். ஒரே நிலத்தில் மேலே மரம், நடுவே மிளகு, கீழே காப்பி. காட்டை அழியாமலே வருவாய் கிட்டுகின்றது. அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகாக் காப்பி 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதன் உரிமையாளர் பெருஞ்செல்வர் அல்லர். சிறு நிலமுடைய மலைவாழ் உழவர்கள்.

குன்றும் குகையும்

மாலையில் மலைச்சாலை வழியாகத் திரும்புவோம். வழியில் காலிகொண்டா என்னும் உயர்ந்த இடத்தில் வண்டியை நிறுத்திச் சுற்றிலும் நோக்கலாம். தெலுங்கில் ‘காலி’ என்றால் காற்று. ‘கொண்டா’ என்றால் குன்று. தமிழிலும் ‘கால்’ என்பதற்குக் காற்று என்னும் பொருள் உண்டு என்பதை அறிவீர்கள். அங்கு நின்றால் பெயர்ப்பொருத்தம் நமக்கு உடனே விளங்கும். நிற்பாரைத் தள்ளும் வேகத்தில் காற்று வீசும்.

சாலையிலிருந்து பிரிந்து சென்றால் போரா குகைகளை அடையலாம். ‘குகலு’ என்பது குகைகள் என்னும் பொருளுடைய தெலுங்குச் சொல். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 705 மீட்டர் உயரத்தில் உள்ள இக்குகைகள் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. இவற்றை எவரும் குடையவில்லை. குடைந்தது மழைநீரே. நீரால் பாறையைக் குடைய இயலுமோ என்று கேட்பீர்கள். மழைத்துளி காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது புளிப்புத்தன்மை அடைகின்றது. அந்நீர் பாறை வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கின்றது. கரைந்த இடம் வெறுமையாகிக் குகையாகின்றது. பின்னர், கூரையிலிருந்து சொட்டும் துளி ஒவ்வொன்றும் தான் கரைத்த சுண்ணாம்பில் ஓர் அணுவளவை அங்கே விட்டுச் செல்கின்றது. அவ்வாறு மேலிருந்து விழுது இறங்குகின்றது. கீழிருந்து தூண் எழுகின்றது. இரண்டும் கூடி ஒரே தூணாவதும் உண்டு. ஓர் அங்குலம் வளர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் செல்லும். அத்தகைய தூணை ஒருவன் கல்லால் அடித்து உடைக்க ஒரு நொடி போதும்.

இக்குகையைப் பற்றி இம்மக்கள் ஒரு கதை கூறுவர். குகையின் மேற்பரப்பில் மேய்ந்த பசு ஒன்று, துளையொன்றின் வழியே உள்ளே விழுந்ததாம். தேடிச் சென்ற இடையன் பசுவை உயிருடன் கண்டான். அருகே இலிங்கம் போன்ற கல்லையும் கண்டான். அங்கே ஓடும் ஆறு பசுவின் மடியிலிருந்து பெருகியது எனக் கருதி, அதனைக் கோத்தனி என்றனர். ‘கோ’ பசு, ‘தனம்’ மடி. கதை எவ்வாறாயினும், மலையைப் பால் தரும் தாயாகக் கண்ட உள்ளம் போற்றத்தக்கது.

இக்குகைகளைச் சூழ்ந்த ஊர்களில் கால்சைட் என்னும் கனிமம் உண்டு. அதனை வெட்டியெடுக்கத் தனியார்க்கு நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. தம் நிலம் பறிபோவதை உணர்ந்த மலைமக்களின் பொருட்டுச் சமதா என்னும் தொண்டு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. எளியோர் எழுப்பிய அவ்வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1997ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அந்நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. நம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையிற் சேர்ந்த மலைப்பகுதியில், அரசின் நிலமாயினும், மலைவாழ் மக்கள் அல்லாதார்க்குச் சுரங்கக் குத்தகைக்கு விடலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 1922ஆம் ஆண்டில் வில்லேந்திப் போரிட்டும் பெறாத ஒன்றை, 1997ஆம் ஆண்டில் சட்டத்தின் துணையால் ஒரு பகுதியேனும் பெற்றனர். குடியாட்சியின் பெருமை இதுவே.

ஆறு காட்டும் வழி

இனி, கோத்தனியாறு நமக்கு வழிகாட்டும். அனந்தகிரி மலைகளிற் பிறந்து, குகைகளின் வழியே ஓடி, மலையிறங்கிச் சமவெளியை அடைகின்றது அவ்வாறு. தாட்டிப்பூடி என்னும் இடத்தில் அதனைத் தேக்கியுள்ளனர். அத்தேக்கத்து நீர் வயல்களுக்குப் பாய்கின்றது. விசாகப்பட்டின நகரத்துக்குக் குடிநீராகவும் செல்கின்றது. எஞ்சிய ஆறு பீமுனிப்பட்டினத்தின் அருகே வங்கக் கடலிற் கலக்கின்றது.

காலையில் நகரத்து வீட்டில் ஒருவன் பருகிய நீர், சின்னாள் முன்பு போரா குகையின் கூரையிற் சொட்டிய துளியாக இருத்தல் கூடும். அவனே மாலையில் மலைக்குச் சென்று, உண்ட இலையையும் ஞெகிழிப் பையையும் ஓடையில் எறிவானாயின், அவன் எறிந்தது வேறொருவரின் நிலத்திலன்று. தன் வீட்டுக் குடத்திலேயே எறிந்தான். மரத்தை வெட்டினால் மண் சரியும்; மண் சரிந்தால் நீர்த்தேக்கம் தூரும்; தேக்கம் தூர்ந்தால் கடற்கரை நகரம் விடாய்க்கும். மலையின் நலம் மலையோடு நில்லாது.

மலை கடலுக்குத் தருவது போலவே, கடலும் மலைக்குத் தருகின்றது. கடலில் எழுந்த முகிலே மலையில் மோதி மழையாகின்றது. ஆயின் சில வேளைகளில் கடல் சீறுவதும் உண்டு. 2014ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள், குட்குடு என்று பெயரிட்ட புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கியது. நகரத்தின் மரங்களை வீழ்த்திய அப்புயல் மலைமீதும் ஏறிற்று. காப்பிக்கு நிழல் தந்த உயர்ந்த மரங்கள் வேரொடு சாய்ந்தன. அவற்றின்கீழ் இருந்த செடிகளும் அழிந்தன. கடலை அறியாத மலை உழவன் கடலிற் பிறந்த புயலால் இழப்புற்றான். நெய்தலும் குறிஞ்சியும் நூலில் வேறு வேறு; வாழ்வில் ஒன்றே.

முடிவுரை

காலையில் வண்டியில் ஏறியபோது மலையை ஒரு காட்சிப் பொருளாகவே எண்ணினோம். மாலையில் இறங்கும்போது அது நம்மைப் புரக்கும் தாயகம் என்பதை அறிந்தோம். இரும்பைத் தருவது அது. நீரைத் தருவது அது. காப்பியும் மிளகும் தேனும் தருவது அது. அதனைக் காத்து வாழ்வோர் மலைமக்கள். ஆதலின், மலைக்குச் செல்வோர் விருந்தினர் போலச் செல்லுதல் வேண்டும். வீட்டுக்காரரின் இசைவின்றி அவரைப் படம் பிடித்தலும், பயிரை மிதித்தலும், விலையைக் குறைக்க அவரோடு வழக்காடுதலும் விருந்தினர்க்கு அழகல்ல. கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவருதல் அவர்தம் கடமை.

இவை விசாகப்பட்டினத்தார்க்கு மட்டும் உரியன அல்ல. நம் ஊர்க் குழாயில் வரும் நீரும் ஏதோ ஒரு மலையிற் பிறந்ததே. தாமிரபரணியும் வையையும் பவானியும் தோன்றும் மலைகளை நோக்கி நாமும் செல்கின்றோம். அடுத்த முறை மலைக்குச் செல்லும்போது, மாணவர்காள், முதலில் ஆற்றைத் தேடுங்கள். அது எங்குப் பிறந்து, யாருடைய வயலில் நடந்து, யாருடைய குடத்தை நிறைக்கின்றது என்பதைக் கேட்டறியுங்கள். அவ்வினாவுக்கு விடை கண்டவரே மலையை உண்மையிற் கண்டவர்.

பயிற்சி

1. விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு மலை எவ்வாறு காவலாக உள்ளது?
2. அரக்கு வழியாகச் செல்லும் இருப்புப் பாதை எதன்பொருட்டு அமைக்கப்பெற்றது? மலையில் அது வளைந்து செல்வதற்குக் காரணம் யாது?
3. உயரம் மிகக் குளிர் மிகுவது ஏன்?
4. சுண்ணாம்புக் குகையில் தூண்கள் தோன்றும் முறையை விளக்குக.
5. 1922, 1997 ஆகிய ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் மலைமக்கள் வாழ்வில் பெறும் இடத்தை ஒப்பிட்டு எழுதுக.
6. ‘நெய்தலும் குறிஞ்சியும் நூலில் வேறு வேறு; வாழ்வில் ஒன்றே’ என்பதை நும் ஊருக்கு நீர் தரும் ஆற்றைச் சான்றாகக் கொண்டு ஒரு கட்டுரையாக வரைக.